மண்ணுளிப் பாம்பு

அறியாமை இருவகையாற் கேடு செய்யும். இல்லாத தீங்கை உண்டெனக் காட்டி அஞ்சச் செய்வது ஒன்று. இல்லாத நன்மையை உண்டெனக் காட்டி அவாவச் செய்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஒருங்கே இரையாகி நிற்கும் எளிய உயிர் மண்ணுளிப் பாம்பாகும்.

இந்திய நாட்டின் வறண்ட நிலங்களிலும் மணற்பாங்கான இடங்களிலும் இது வாழ்கின்றது. பகலில் மண்ணுள் புதைந்து கிடந்து, இரவில் வெளிப்பட்டு எலி முதலியவற்றைப் பிடித்துண்ணும். இதனிடம் நஞ்சு இல்லை. இரையை உடலாற் சுற்றி இறுக்கியே கொல்லும். முட்டையிடாது குட்டி ஈனும். பாட்ரிக் ரசல் என்னும் அறிஞர் 1801ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, தரங்கம்பாடியில் சமயப்பணி ஆற்றிவந்த ஜெர்மானியராகிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பாரின் பெயரை அதில் அமைத்தார்.

இப்பாம்பின் வால் கூர்மையின்றித் தலைபோல மழுங்கியிருக்கும். பகை நெருங்கின், இது தலையை உடற்சுருளின் அடியில் மறைத்துக்கொண்டு வாலை உயர்த்திக் காட்டும். அடி வாலின்மேல் விழ, தலை தப்பும். இயற்கை அளித்த இக்காப்பே மக்களிடையே இதற்குக் கேடாய் முடிந்தது. 'இருதலைப் பாம்பு' என்று பெயரிட்டனர். ஆறு திங்கள் ஒரு தலையும் ஆறு திங்கள் மறு தலையும் இயங்கும் என்றனர். பாம்பாட்டிகளுள் சிலர் வாலிற் கண்ணும் வாயும் போலக் கீறிக் காட்டிப் பொருள் பெற்றனர்.

இப்பாம்பு நக்கினால் தொழுநோய் வரும் என்பது அச்சத்தால் எழுந்த கதை. அந்நோய் நுண்கிருமியால் வருவதென்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். எனினும், கதையை நம்பி இதனை அடித்துக் கொல்வோர் இன்றும் உளர்.

இதனை இல்லத்தில் வைத்திருப்பின் செல்வம் பெருகும் என்பது அவாவினால் எழுந்த கதை. எடை மிகுந்த பாம்பிற்குப் பெருவிலை உண்டெனக் கூறிப் பலரை ஏமாற்றுவோர் உளர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பிடிப்பதையும் விற்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, சிறிது எண்ணினாலே உண்மை விளங்கும். செல்வம் தரும் பாம்பாயின், அதனைக் கைக்கொண்டவன் பிறனுக்கு விற்பானேன்?

இப்பாம்பு செல்வம் தருவதும் உண்மையே. ஆனால், அது பெட்டியில் அன்று, வயலில். உழவன் விளைத்த நெல்லைக் கவரும் எலியை உண்டு, கூலி கேளாது காவல் புரிகின்றது. அக்காவலனைக் கொல்வதும் விற்பதும் தன் களஞ்சியத்தைத் தானே திறந்து விடுவதை ஒக்கும்.

நஞ்சற்றது என்பதனால் இதனைத் தொட்டு விளையாடுதலும் தகாது. வகையறியாதார்க்கு நச்சுப்பாம்பும் நஞ்சற்றதாகத் தோன்றக்கூடும். விலகி நின்று வழிவிடுதலும், ஊர்க்குள் புகுந்ததாயின் வனத்துறையினர்க்கு அறிவித்தலுமே முறை.

கேட்டதனை அவ்வாறே நம்பாமல் ஆராய்ந்து தெளிவதே கல்வியின் பயன். அத்தெளிவு மாணாக்கர்க்கு வாய்க்குமாயின், ஊரார் அச்சமும் அவாவும் நீங்கும். மண்ணுள் வாழும் வாயில்லா உயிரும் பிழைக்கும்.