‘தேறுவாரா?’ என்பது தவறான கேள்வி

வட சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அந்த மருத்துவமனைக்கு வித்து. மருத்துவமனை தனியே வளர்ந்துவிட, சத்திரம் ஆதரவற்ற முதியோரின் அடைக்கலமாக நிலைத்தது. அந்த அறத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், முதியோர் இல்லம் என்றாலே நேரத்துக்குச் சோறு, படுக்க இடம், வேளைக்கு மாத்திரை என்று இன்றைக்கும் நாம் நிறுத்திக்கொள்வதுதான் சிக்கல். விழுந்தவரை எழுப்பி நடக்கவைப்பதும், நடப்பவரை நடையிழக்காமல் காப்பதும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

உழைத்துத் தேய்ந்த உடல்கள்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையில் இருக்கும் சாத்தாங்காட்டை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்பு வணிகத்தை வெளியே கொண்டுவர சிஎம்டிஏ அமைத்த அங்காடி இங்கே இருக்கிறது. கம்பியும் தகடும் சுமந்தவர்கள், கேஸ் கட்டிங் வேலை பார்த்தவர்கள், எண்ணூர் வார்ப்பாலையிலும் துறைமுகத்திலும் காலம் தள்ளியவர்கள் என்று ஒரு தலைமுறையே இந்த வட்டாரத்தில் மூப்படைந்துவருகிறது. முட்டியும் முதுகும் முன்பே தேய்ந்தவை. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம். ஒருநாள் பக்கவாதம் வந்து ‘கை கால் விழுந்துவிட்டது’ என்றால், உயிரைக் காப்பாற்றி அனுப்பும் மருத்துவமனை, டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று எழுதித் தருகிறது. எங்கே, யாரிடம், யார் செலவில் என்பது அதில் இருக்காது. பிள்ளைகள் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் இடமில்லாமல் ஏதோ ஓர் இல்லத்தில் சேர்க்கப்படும்போது, அந்தச் சீட்டு தலையணைக்கு அடியில் போய்விடுகிறது.

இது ஒரு பகுதியின் பிரச்சினை மட்டுமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4%. 2021இல் இது 13.6% என்று மதிப்பிடப்பட்டது, 2031இல் 18.2% ஆகும் என்பது கணிப்பு.

கட்டிலில் என்ன நடக்கிறது?

படுத்தே இருப்பது ஓய்வு என்று நினைக்கிறோம். முதிய உடலுக்கு அது இழப்பு. நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவருக்கு இந்த நிலை என்றால், பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ கண்டவருக்கு என்ன ஆகும்? தசை கரையும், மூட்டு இறுகும், பெட்சோர் வரும், நெஞ்சில் சளி கட்டும். பிறகு, ‘வயசாகிவிட்டது, அவ்வளவுதான்’ என்போம்.

தவறு பெரும்பாலும் சின்னச் செயல்களில் நடக்கிறது. பக்கவாதத்தில் தளர்ந்த கையின் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் வலுவிழந்திருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அந்த மூட்டு நழுவி, தீராத வலி சேரும். மாறாக, அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதங்களையும் தரையில் பதியவைத்து, முன்னால் சாயச் சொன்னால் பாதி வேலையை அவரே செய்துவிடுவார். சோற்றை அவசரமாக ஊட்டிவிடுவதைவிட, நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் கையாலேயே சாப்பிடவிட்டால் நேரமாகும்; ஆனால் கை வேலை மறக்காது, புரையேறும் ஆபத்தும் குறையும். இரும்புத் தகட்டைத் தூக்க எங்கே சங்கிலி மாட்ட வேண்டும் என்று அங்காடியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனிதரை எப்படித் தூக்குவது என்று இல்லத்து ஆயாக்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சிகிச்சையோடு பயிற்சியும் வேண்டும் என்ற பாடம் வட சென்னைக்குப் புதிதல்ல. இயந்திரத்தில் சிக்கிய தொழிலாளர் கைகளைச் சீரமைப்பதில் ஸ்டான்லியின் கை அறுவைசிகிச்சைத் துறையைப் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி பேர்பெற்றதாக வளர்த்தார். அறுவைசிகிச்சை முடிந்தால் வேலை முடிந்தது என்று அந்தத் துறை நினைக்கவில்லை. விரல் மடங்கிப் பிடிக்கப் பழகும் மறுவாழ்வுப் பயிற்சியும் சிகிச்சையின் பகுதியாக இருந்தது. இளம் தொழிலாளியின் கை மீண்டும் சம்பாதிக்கும் என்பதால் அதற்குக் கிடைத்த அக்கறை, அதே தொழிலாளி எழுபது வயதில் விழும்போது அவருடைய காலுக்குக் கிடைப்பதில்லை.

‘இனி இவர் தேறவா போகிறார்?’ என்ற கேள்விதான் இதற்குக் காரணம். இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறியது. முன்னேற்றம் இல்லை என்று சொல்லி முதியோருக்கான பயிற்சிச் செலவை மெடிகேர் காப்பீடு மறுத்துவந்தது. 2013இல் ஏற்பட்ட ‘ஜிம்மோ’ சமரசத் தீர்வு, இருக்கும் திறனைத் தக்கவைக்கவோ சரிவைத் தாமதப்படுத்தவோ திறன்மிக்க பராமரிப்பு தேவைப்பட்டால் அதற்கும் உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. ஜப்பானோ 2000ஆம் ஆண்டிலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்து, 40 வயதானவர்களிடமிருந்தே சந்தா வசூலிக்கிறது. நம்முடைய காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் அனுமதித்துச் செய்யும் சிகிச்சையைச் சுற்றியே அமைந்தவை.

இருப்பதைக் கொண்டே செய்யலாம்

தமிழகத்திடம் கருவிகள் இல்லாமல் இல்லை. கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம்தான். கட்டிலிலிருந்தே இறங்க முடியாதவருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே, சிகிச்சைதான் அவரிடம் போக வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. முதியோர் இல்லங்களையும் வீடாகவே கருதி, இயன்முறை மருத்துவரின் வருகை அட்டவணையில் தவறாமல் சேர்க்க வேண்டும்.

ஓர் இல்லத்துக்கு ஒரு பிசியோ என்பது கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மைதான். ஆனால், அவர் வாரம் ஒருமுறை வந்து, யாருக்கு என்ன பயிற்சி என்று எழுதிவைத்து ஆயாக்களைப் பழக்கினால், மற்ற ஆறு நாளும் அவர்களே தொடரலாம். சுவரோரக் கைப்பிடி, எழ வசதியான உயரத்தில் நாற்காலி, அளவெடுத்த வாக்கர், சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுவராமல் முடிந்தவரைக் கூடத்துக்கு நடத்திச் செல்லும் வழக்கம் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேருக்கான இல்லம் பற்றிப் பேசுகிறது. இடத்தின் எண்ணிக்கையோடு சட்டத்தின் கவனம் நின்றுவிடக் கூடாது. சேரும்போது யார் எவ்வளவு தூரம் நடந்தார், தானே குளித்தாரா, தானே சாப்பிட்டாரா என்று ஒவ்வொரு இல்லமும் பதிவுசெய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி சமையலறையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு அந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். நடந்துவந்தவர்கள் காரணமின்றிப் படுக்கையில் விழுந்திருந்தால், அந்த இல்லம் பதில் சொல்லியாக வேண்டும்.