சோறு முதலில், மரியாதை அப்புறமா?

1943-ல் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, திறமையின் நிறைவு என்று அடுக்கினார். கீழ்ப்படி முழுதும் தீர்ந்தால்தான் மேல்படி என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அடுக்கு மட்டுமே நிலைத்தது. ஏழைக்குச் சோறு போதும், மரியாதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கிறது. நம் பக்கத்து அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. விருதுநகர்க்காரரான முதல்வர் காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார். அவர் ஆட்சியிலேயே இலவசச் சீருடையும் வந்தது. தட்டில் சோறு இருந்தும், கிழிந்த சட்டைக்குக் கூசி வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளையை அந்த அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது. இதற்கு நேர்மாறான, கசப்பான சாட்சியும் அதே வட்டாரத்தில் உண்டு. 2023-ல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ண மறுத்ததாகச் செய்தி வந்தது. வீட்டார் ஊட்டிய பொய்க் கௌரவம் பசியையே ஓரங்கட்டியது. அடுத்தவரை இழிவுசெய்யும் அந்தக் கௌரவத்தை ஏற்க முடியாது. அதன் பலத்தை மறுக்கவும் முடியாது.

பசி வந்தால் மானம் முதலான எல்லாம் போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா என்று கேட்கலாம். கடும் பஞ்சத்தில் பொய்யில்லை. ஆனால் அன்றாட வறுமை பஞ்சமல்ல. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் பலமுறை தறியை நிறுத்தியிருக்கிறார்கள். அது காசுக்கான போராட்டம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் வயிறே முதல் என்றால், உள்ள கூலியையும் விட்டுவிட்டு அடுப்பை ஆறப்போட யார் துணிவார்கள்? கேட்ட கூலியில் அரிசி விலையும் இருக்கிறது, தன் உழைப்புக்குத் தானும் ஒரு விலை சொல்லும் உரிமையும் இருக்கிறது. 123 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து உளவியலாளர்கள் லூயிஸ் டேயும் எட் டீனரும் 2011-ல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே: அடிப்படைத் தேவைகள் முழுதாகத் தீராதபோதும், உறவும் மதிப்பும் வாழ்க்கையின் நிறைவுக்குத் தம் பங்கைச் சேர்க்கின்றன. இதைக் காட்டிக் கூலியைக் குறைப்பவர்கள் கிளம்பக்கூடும், 'மரியாதை தருகிறோமே' என்று. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது என்பதும் அந்த முடிவுக்குள்ளேயே இருக்கிறது. கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துத் தோப்பு வேலைக்கும் நூற்பாலை வேலைக்கும் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள், இலவசம் சோம்பேறியாக்கிவிட்டது என்று தீர்ப்பெழுதும் முன், சம்பளத்தோடு ஷிப்டை யார் முடிவு செய்கிறார், வார விடுமுறை உண்டா, சூப்பர்வைசர் என்ன தோரணையில் பேசுகிறார் என்பதையும் விசாரிக்கட்டும்.