ஆர்டர் வந்தால்தானே கப்பல்!

மும்பை மசகான் டாக்கில் 1992ல் ஐ.என்.எஸ். ஷல்கி, 1994ல் ஐ.என்.எஸ். ஷங்குல் என இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் கடற்படைக்குத் தயாராகின. ஜெர்மனியின் ஹெச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் 1981ல் போட்ட ஒப்பந்தம் அது. நான்கில் முதல் இரண்டு ஜெர்மனியிலேயே கட்டப்பட்டன. அடுத்த இரண்டையும் மசகான் ஊழியர்கள் தொழில் கற்றுக்கொண்டு இங்கேயே கட்டினார்கள். மேலும் இரண்டு கட்டுவதாகப் பேச்சு இருந்தது. 1987ல் கமிஷன் புகார் வெடித்தது, அதோடு சரி.

அடுத்த ஒப்பந்தம் எப்போது தெரியுமா? 2005ல்! பிரெஞ்சு ஸ்கார்பீன் வகையில் ஆறு கப்பல்கள். நடுவில் பதினோரு வருடம் புதிதாக ஒரு நீர்மூழ்கிகூட அங்கே கட்டப்படவில்லை.

ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உடற்பகுதியை வெல்டிங் செய்வது, வீட்டு கேட்டுக்குக் கம்பி ஒட்டுகிற வேலை இல்லை. அதில் பழகிய ஆட்கள் ஆர்டர் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். சிலர் ஓய்வு பெறுவார்கள், சிலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கிரேனுக்குத் தேய்மானம் போடலாம். மறந்துபோன கைத்திறமைக்கு எந்தக் கணக்கில் தேய்மானம் போடுவது? (காமர்ஸ் மாணவர்கள் யோசிக்கலாம்!) 2012ல் வரவேண்டிய முதல் ஸ்கார்பீன் கப்பலான கல்வரி, 2017 டிசம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தொழிலையே திரும்ப முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது என்பதைச் சேர்க்காமல் அந்தக் கணக்கு முடியாது.

போர்க்கப்பல் பட்டறைக்கு அநேகமாக ஒரே வாடிக்கையாளர்தான், அரசாங்கம். அவர் பத்து வருடம் கடைப்பக்கம் வராவிட்டால் சம்பளமும் பராமரிப்பும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தொடர்ந்து வேலை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சென்னைக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி இருக்கிறது. கடலோரக் காவல்படைக்காக ஒரே மாதிரி ஏழு ரோந்துக் கப்பல்கள் கட்ட எல் அண்ட் டி நிறுவனத்துடன் 2015ல் ஒப்பந்தம். ஏழாவது கப்பலான விக்ரஹா 2021 ஆகஸ்டில் சேவைக்கே வந்துவிட்டது. ரோந்துக் கப்பலும் நீர்மூழ்கியும் ஒன்றல்லதான், ஆனாலும் ஒன்றில் கற்றது அடுத்ததில் உடனே பயன்படுவது இரண்டுக்கும் பொது.

ஆர்டர் நிச்சயம் என்றால் பட்டறைகள் சோம்பேறியாகிவிடும் என்பார்கள். நியாயமான பயம். அதற்கு மருந்து இரண்டு பட்டறைகளை வளர்த்து வேலையைப் பிரித்துக் கொடுப்பது. ஒரே பட்டறையையும் பட்டினி போடுவது மருந்தாகாது.

முப்பது வருடத்தில் 24 நீர்மூழ்கிகள் என்று அரசு திட்டம் போட்டது 1999ல். ஆறாவது ஸ்கார்பீனான வாக்‌ஷீர் சேர்ந்தது 2025 ஜனவரியில். அடுத்த ஆறு கப்பல்களுக்கான ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மசகானுடன் தொடங்கியதோ 2025 செப்டம்பரில்! கையெழுத்தான பிறகும் முதல் கப்பல் வர ஏழெட்டு வருடம் பிடிக்கும். வாக்‌ஷீரை வெல்டிங் செய்தவர்களில் எத்தனை பேர் அப்போது பட்டறையில் இருப்பார்கள்?