விற்ற பின்னும் மாறும் பொருள்

ஆரணியை அடுத்த சந்தவாசலில், தறியிலிருந்து அறுத்து விற்ற பட்டுச்சேலையின் கரையையோ முந்தானையையோ பிறகு நெசவாளர் மாற்ற இயலாது. குறை இருந்தால் அது நிலைக்கும். ஆனால், விற்ற சேலையை எவரும் திரும்பப் பறிக்கவும் முடியாது. கணினி விளையாட்டுச் சந்தையில் இவ்விரண்டும் பொருந்துவதில்லை.

பிரிட்டனின் ஹலோ கேம்ஸ் நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’, கோள்கள் தோறும் விருப்பம்போல் உலவும் சாகச விளையாட்டு. எதிர்பார்த்த பல அம்சங்கள் இல்லையென்று வாங்கியோர் வெகுண்டனர். 2018 ஜூலையில் வந்த இலவச மென்பொருள் புதுப்பிப்பு, பலர் கூடி விளையாடும் வசதியை முழுமையாக்கியது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க நிலப்பரப்பெங்கும் காரோட்டித் திரியும் ‘தி க்ரூ’ விளையாட்டை யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்டது. அதன் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. இணையத் தொடர்பின்றி அது இயங்காது என்பதால், தனியே ஆடியவர்களும் காசு கொடுத்து வாங்கியதை இழந்தனர்.

குறையைத் தீர்க்கும் அதே கை, பொருளையும் பறிக்க வல்லது. காரணம், நாம் பெறுவது உடைமையன்று, உரிமம். இதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்குக’ என்று விளம்பரப்படுத்துவதை 2024இல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டத்தால் தடுத்தது. நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, மின்வணிகத்தின் வரையறையில் எண்முறைப் பொருள்களையும் சேர்த்துள்ளது. எத்தனை ஆண்டு இயங்கும் என்பதை விற்கும்போதே அறிவிக்கும் விதியும் அதன்கீழ் வர வேண்டும். பட்டா, கலப்பா என்று கேட்டுச் சேலை வாங்கும் நாம், பிள்ளைகள் வாங்கும் விளையாட்டிலும் அவ்வாறு கேட்டறியும் உரிமை உடையவர்கள்.