மூலமும் படியும்

கணினி கற்கப் புகும் மாணவனிடம் வெறும் இயந்திரத்தையும் லினக்ஸ் வட்டினையும் கொடுத்து, நீயே அமைத்துக்கொள் என்பது, அரிச்சுவடி தொடங்க வந்த சிறுவனிடம் பச்சைப் பனையோலையைக் கொடுத்து, ஏட்டினைப் பதஞ்செய்து கொண்டுவா என்று பணிப்பதனை ஒக்கும். முதனாளிலேயே தமிழெழுத்துத் திரையில் தோன்றாது, அச்சுப்பொறி அசையாது, மாணவன் ஊக்கங்குன்றி விலகுவான். செவ்வனே அமைந்த ஒரு கணினியைப் படியெடுத்து அவன் கையிற் கொடுத்தலே தக்கதென்பது எமது துணிபு.

இதனை இம்மலரில் எழுதுதற்குக் காரணமுண்டு. விண்டோஸ் 10க்கு அதனை ஆக்கியோர் வழங்கிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பினை ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கில்லை. அவை பழுதுற்றனவல்ல, லினக்ஸினை ஏற்று இன்னும் பல காலம் உழைக்க வல்லன. அத்தகையன பழைய மாணவர் பலருடைய அலுவலகங்களில் ஒதுங்கிக் கிடத்தல் கூடும்.

படியெடுத்தல் களவன்றோ எனச் சிலர் ஐயுறுவர். அன்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவானது, 1992 முதல் குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கி வருகின்றது. படியெடுக்கவும், திருத்தவும், பிறர்க்கு ஈயவும் அவ்வுரிமம் இடந்தருகின்றது. படியெடுத்தற்குத் தைவானில் ஆக்கப்பெற்ற குளோன்சில்லா என்னும் கருவியும் விலையின்றிக் கிடைக்கின்றது. பெறும் வன்தட்டு மூலத் தட்டினும் சிறிதாகாதிருத்தல் வேண்டும்.

நிற்க. மூலம் பிழைப்படின் படிகளெல்லாம் பிழைப்படும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏட்டுப் பிரதிகளின் பிழைகளோடு எத்துணை போராடினார்கள் என்பதனைத் தமிழ் கற்றோர் அறிவர். ஆகலின் மூலக் கணினியை ஆசிரியர் தாமே சிலநாள் பயன்படுத்தி, ரெங்கநாதன் சாவிப்பலகை, தமிழ் எழுத்துருக்கள், லிப்ரே ஒபிஸ், அச்சுப்பொறி ஆகியன பொருந்தியுள்ளனவோ என ஆராய்தல் வேண்டும். ஒருவர் தமது சொந்தக் கணினியை அவ்வாறே படியெடுத்தலாகாது. அவருடைய கடிதங்களும் கடவுச்சொற்களும் எல்லார் கையிலும் சேரும். படியெடுத்தபின் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயரும், வேறு கடவுச்சொல்லும், புதிய இயந்திர அடையாள எண்ணும் அமைத்தல் வேண்டும். இன்றேல், வலையமைப்பில் ஒன்றை மற்றொன்றாக மயங்க நேரும். ஒன்றின் கடவுச்சொல் வெளிப்படின் அனைத்தும் காவலிழக்கும்.

ஆக்கிய சோற்றை உண்பவன் சமைக்கக் கல்லான் எனக் கூறுவாருமுளர். அதனிலும் உண்மையுண்டு. ஆயினும் உண்டு சுவையறிந்தவனே சமைக்க விழைவான். அன்றியும், மூலப்படி கைவசமிருப்பின் மாணவன் தன் கோப்புகளை வேறிடத்திற் சேமித்துவிட்டு, அஞ்சாது அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம்; கெட்டால் மீட்கலாம். அச்சம் நீங்கிய இடத்திலேயே கல்வி தொடங்குகின்றது. ஆண்டிறுதியில் அவன் படியின் துணையின்றித் தானே ஒரு கணினியை முற்றும் அமைத்துக் காட்டட்டும்.

பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே: கணினியை மாத்திரம் அனுப்பி அமையாது, மூலப்படியைச் செம்மை செய்தற்கு ஒரு சனிக்கிழமையையும் தருக. படி என்னுஞ் சொல் பிரதியைக் குறிக்கும். ஏறும் படியைக் குறிக்கும். கற்பாயாக என்னும் ஏவலாகவும் நிற்கும். நீவிர் ஈயும் கணினி இம்மூன்றுமாகுக.