விடுமுறை யாருக்கு?

ஆண்டு முழுவதும் பாடசாலைகளைத் திறந்து வைத்தால் என்ன என்ற கேள்வி ஆசிரியர் கூடும் இடங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் எழுகின்றது. எழுவதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடப்பட்ட பாடசாலைகள் நெடுநாள் ஒழுங்காக இயங்கவில்லை. 2022 இல் எரிபொருள் நெருக்கடி அவற்றை மீண்டும் முடக்கிற்று. இழந்த நாட்களை ஈடுசெய்ய விடுமுறைகள் குறுக்கப்பட்டன. பின்னர் 2025 இல், பாடசாலை நேரத்தை மறு ஆண்டிலிருந்து பிற்பகல் 2 மணிவரை நீட்டப்போவதாக அரசு அறிவிக்க, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. நாளைக் கூட்டுவதா, நேரத்தைக் கூட்டுவதா என்ற இவ்வாதங்களில் ஒரு கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை. இன்று விடுமுறை யாருடைய பிள்ளைக்கு இருக்கின்றது?

ஆண்டு முழுவதும் பள்ளி என்போர் அமெரிக்காவை உதாரணம் காட்டுவர். அங்கே கோடையில் பத்து வாரமளவு பாடசாலைகள் பூட்டப்படுகின்றன. அந்த நீண்ட இடைவெளியில் பிள்ளைகள் கற்றதை மறக்கின்றனர் என்பது அவர்கள் கூறும் காரணம். ஆனால், 1970 இல் இலினோய் மாநிலத்து வலி வியூ பகுதியில் 45 நாள் படிப்பு, 15 நாள் ஓய்வு என்ற முறை வந்தது கட்டடம் போதாமையால். மாணவர் குழுக்களாகப் பிரிந்து மாறிமாறி வந்தனர். பெயர்தான் ஆண்டு முழுவதும். ஒரு மாணவன் படித்த நாட்களின் தொகை கூடவில்லை. நமது நாட்டிலோ மூன்று தவணைகள். இடையிடையே ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகள். அவர்கள் புதுமையென்று தேடியதற்கு அண்மையில் நாம் ஏற்கெனவே இருக்கின்றோம். ஆகவே அவர்களுடைய நோய்க்கான மருந்தை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

எனினும் இக்கோரிக்கையில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பாடசாலை திறந்திருக்கும் நாளிலே ஏழைப் பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஒருவேளை உணவும் உண்டு. கதவு பூட்டப்பட்டதும் இரண்டும் இல்லை.

எமது வகுப்பறையில் நாம் கண்டதைச் சொல்லுகின்றோம். இரண்டாம் தவணை விடுமுறை கழிந்த முதல் நாள். புதிய பாடத்தின் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினோம். முன்வரிசையிலிருந்து குரல் வந்தது: "சேர், உது நாங்கள் ரியூசனிலை முடிச்சிட்டம்." வகுப்பில் பாதிப்பேர் தலையசைத்தனர். மறுபாதி தலைகுனிந்து கொப்பியைப் பார்த்திருந்தது. அவர்களுள் ஒருவன் விடுமுறை முழுவதும் தகப்பனுடன் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவன்; மற்றொருவன் கடற்கரையில் வலை தெரிந்தவன். நாம் என்ன செய்தோம்? பாதிப்பேருக்குத் தெரிந்த பாடந்தானே என்று விரைந்து முடித்தோம். அன்று அவ்விரு சிறுவரையும் பின்தள்ளியது விடுமுறையன்று. ரியூசன் நிலையமும், அதனோடு சேர்ந்து நாமும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பள்ளி ஏற்கெனவே நடக்கின்றது. அதற்குச் சட்டமில்லை, சுற்றறிக்கை இல்லை. கட்டணம் மட்டும் உண்டு. பாடசாலை பூட்டிய மறுநாள் தகரக் கொட்டகைகளில் வகுப்புத் தொடங்குகின்றது. 1945 இல் நாம் பெற்ற இலவசக் கல்வி பாடசாலை வாசலிலிருந்து கட்டணத்தை விரட்டிற்று. விரட்டப்பட்ட கட்டணம் அடுத்த ஒழுங்கையில் கொட்டகை போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டது.

அப்படியானால், பாடசாலையையே ஆண்டு முழுவதும் நடத்தினால் ரியூசன் ஒழியாதோ என்று கேட்கலாம். ஒழியாது. அது நேரம் போதாமையில் பிறந்ததன்று; போட்டியிற் பிறந்தது. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது நமது மாணவருக்குப் பல்கலைக்கழக வாசல் மேலும் குறுகிற்று. இன்றும் அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு உள்ளே இடமில்லை. அந்த ஓட்டம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலேயே தொடங்கிவிடுகின்றது. எல்லோருக்கும் பத்து நாளைக் கூட்டிக்கொடுத்தால், பணமுள்ளவன் பதினோராவது நாளை விலைக்கு வாங்குவான். விடுமுறையிற் பகலில் நடந்த வகுப்பு அதிகாலையிலும் இரவிலும் நடக்கும். ஏழைப் பிள்ளை தன் ஓய்வையும் இழந்து, பின்தங்கியும் நிற்பான்.

ஓய்வு வீண்காலமன்று. நல்லூர்த் திருவிழாவும், சோளகக் காற்றும், பனம்பழம் பொறுக்கும் காலையும், பரீட்சைக்கு வராத ஒரு கதைப்புத்தகமும் பிள்ளையை மனிதனாக்கும் கல்வியில் அடங்கியவை. அவற்றை வசதியுள்ள பிள்ளைக்கு ரியூசன் பறிக்கின்றது. வசதியற்ற பிள்ளைக்குக் கூலிவேலை பறிக்கின்றது. விடுமுறை இருவருக்கும் இல்லை என்பதே உண்மை.

எனவே நாம் வேண்டுவன இவை. விடுமுறையில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டண வகுப்பு நடத்துவதைத் தடைசெய்ய வேண்டும். அக்காலத்தில் பாடசாலையின் நூல்நிலையமும் விளையாட்டிடமும் திறந்திருக்க வேண்டும், பாடநூல் மூடியிருக்கட்டும். பார்த்துக்கொள்வோருக்கு முறைவைத்து ஊதியம் வழங்கப்படட்டும். ஆரம்ப வகுப்புப் பிள்ளையின் உணவு விடுமுறையிலும் தொடரட்டும். நாட்களைக் கூட்டுமுன் தீவகத்திலும் வன்னியிலும் ஆசிரியரின்றிக் கழியும் பாடவேளைகளை நிரப்புக.

இவை அரசிடம் கேட்பவை. நம்மிடமே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. காலையில் வகுப்பறையில் அரைகுறையாக விட்ட பாடத்தை மாலையில் அதே மாணவனுக்குக் காசுக்கு முடித்துக்கொடுப்பவர் நம்முள் இல்லையா? சம்பளம் போதவில்லை என்பது மெய். அதற்காகப் போராடும் இடம் சங்கம். பிள்ளையின் சட்டைப்பை அன்று.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணையின் முதல் நாளில் "உது முடிச்சிட்டம்" என்ற குரல் மீண்டும் எழும். அப்போது தலைகுனிந்திருக்கும் பாதியைப் பார்த்துப் பாடத்தை முதல் வரியிலிருந்து தொடங்குவோம்.