பழத்தட்டும் பழைய ஹெல்மெட்டும்

கோலார் தங்க வயல் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வந்து விழுவது 2018-லும் 2022-லும் வந்த 'கேஜிஎஃப்' சினிமாப் படங்கள்தான். அதைத் தாண்டினால் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம், பின்னால் மறையும் சூரியன், பக்கத்தில் ஒரு சயனைடு மேடு. வார இறுதியில் பெரிய கேமராவோடு வந்து போகிறவர்கள் எடுப்பது. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே மனிதர்கள் வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தப் படங்களில் ஓர் அடையாளமும் கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். எங்கள் ஊரைக் காட்டக் கோபுரமும் வேண்டாம், அஸ்தமனமும் வேண்டாம். மேசைமேல் ஒரு பொருளை வைத்து எடுக்கிற ஸ்டில் லைஃப் போதும். அப்படி எடுத்ததை வெட்டி ஒட்டுகிற கொலாஜ் போதும்.

இதைச் சொன்னதும், படம் எடுப்பதில் கெட்டிக்காரரான நண்பர் ஒருவர் சிரித்தார். "ஸ்டில் லைஃபா? ஆப்பிளும் திராட்சையும் வைத்து எடுக்கிற பொழுதுபோகாத வேலை. கொலாஜ் என்றால் ஃபோட்டோஷாப் பித்தலாட்டம்" என்றார். இரண்டுமே தப்பு ஐயா.

முதலில் பழத்தட்டு விவகாரம். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் ஃபாக்ஸ் டால்பாட். 1844-ல் வெளிவரத் தொடங்கிய தன் புத்தகத்தில், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்களின் படத்தைப் போட்டார். நாளைக்குத் திருடன் இவற்றைக் கொண்டுபோனால், இந்தப் படத்தையே கோர்ட்டில் சாட்சியாகக் காட்டலாமே என்று கூடவே எழுதினார். ஆக, பொருளைப் படமெடுப்பது ஆரம்பத்திலேயே அலங்காரம் மட்டுமாக இல்லை. 'இது என்னிடம் இருந்தது' என்கிற சாட்சியமாகவும் இருந்தது.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2023-ல் மறைந்த விவான் சுந்தரம், டில்லிக் குப்பையைக் கொண்டுவந்து தன் ஸ்டூடியோத் தரையில் ஒரு நகரத்தையே கட்டினார். அதை மேலிருந்து படமெடுத்தார். 2008-ல் 'ட்ராஷ்' என்ற பெயரில் காட்சிக்கு வந்தது. அதே காலத்தில் இன்னொன்றும் செய்தார். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். மெத்தைக்குப் பதில் தேய்ந்த செருப்பு, ஷூக்களின் அடிப்பாகங்கள். ஒரு மனிதர்கூட இல்லை, ஆனால் நடந்து தேய்ந்த கால்கள் அத்தனையும் அங்கே இருந்தன. இதையா பொழுதுபோகாத வேலை என்பது?

அடுத்து பித்தலாட்டம். இதே விவான் 2001-02-ல் 'ரீடேக் ஆஃப் அம்ரிதா' என்ற வரிசையைச் செய்தார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, வெவ்வேறு காலத்து மனிதர்களை ஒரே அறையில் நிறுத்தினார். அவர்களில் ஒருவர் 1941-ல் இறந்துபோன பெரியம்மா, ஓவியர் அம்ரிதா ஷெர்-கில். இது பொய்யா? அப்படியானால் நம் வீட்டுச் சுவர்களை என்ன சொல்வது? காலமான அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை அம்மாவின் பக்கத்தில் ஒட்டித் தம்பதி படமாக்கித் தந்தது நம்மூர் ஸ்டூடியோக்காரர்தானே? கல்யாணத்துக்கு வர முடியாத வெளிநாட்டு மகனைக் குரூப் ஃபோட்டோவில் சேர்த்ததும் அவர்தான். பிரிந்து கிடக்கிற குடும்பங்களுக்குக் கொலாஜ் புதிதே இல்லை :-)

சரி, இதற்கும் தங்க வயலுக்கும் என்ன சம்பந்தம்?

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் ஆட்கள் போனார்கள், பெரும்பாலும் தலித் மக்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. மொத்தம் சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். அந்த ஆழத்தை எந்த லென்ஸாலும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. கீழே பாறைச்சூட்டில் நின்ற உடம்பையும், மேலே லைன் வீட்டில் சங்குச் சத்தத்துக்குக் காத்திருந்த மனைவியையும் ஒரே ஃபிரேமில் வைக்க ஒட்டுவேலையைத் தவிர வேறு வழி இல்லை.

தங்கம் போய்விட்டது. மிஞ்சியவை நெளிந்த ஹெல்மெட், தலைவிளக்கு, எண் குத்திய டோக்கன், தூக்குச்சட்டி, சம்பளச் சீட்டு. எங்கள் லைனில் தாத்தாவோ பாட்டியோ போனதும் இவை பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கிலோ கணக்கில்!

எதிர்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டில் விளக்குப் போட்டு எடுத்தால் அதுவும் காலண்டர் படமாகிவிடும். அதற்குத்தான் பெயர் வேண்டும் என்கிறேன். யாருடையது, எந்தச் சுரங்கம், எந்த வருஷம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு நூல் செய்தார். இடம்பெயர்ந்த தமிழர்கள் நினைவிலிருந்து வரைந்த தங்கள் வீடுகளின் வரைபடங்கள் அதில் இருக்கின்றன. தோம்பு என்பது போர்த்துகீசிய, டச்சுக் காலத்து நிலப் பதிவேடு. இழந்ததை அழுது தீர்க்காமல் பதிவேடாக்கிவிட்டார். நமக்கும் அந்தப் புத்திதான் வேண்டும்.

கொலாஜில் ஒட்டு தெரியட்டும். டேவிட் ஹாக்னி 1982-ல் போலராய்டு படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கியபோது, ஒவ்வொன்றின் வெள்ளை ஓரத்தையும் வெட்டாமல் விட்டார். சேர்த்தது சேர்த்ததாகவே தெரிந்தால் அங்கே பித்தலாட்டத்துக்கு இடமில்லை.

சிங்கப்பூரோ, ஷார்ஜாவோ, சிகாகோவோ, எங்கே இருந்தாலும் சரி, அடுத்த லீவுக்குப் போகும்போது பரண்மேல் ஏறுங்கள். சுரங்கமோ, தோட்டமோ, மில்லோ, தாத்தா பாட்டி வேலை செய்த இடத்தின் பொருள் ஒன்றாவது கிடைக்கும். ஜன்னலோரம் வைத்து, பகல் வெளிச்சத்தில், மொபைலிலேயே எடுங்கள். பெயரும் வருஷமும் எழுதுங்கள். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதுங்கள். தராசுக்காரர் நம் லீவுக்காகக் காத்திருக்கமாட்டார்.